பழைய கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு: பத்தாயிரத்துக்குள் எது பொருந்தும்?

தம்பி ஒருவர் கேட்டது இது. 2015இல் அசெம்பிள் செய்த கணினி. இன்டெல் ஐ5-4460 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், கேபினட்டோடு சேர்ந்து வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), பழைய விஜிஏ வயர் மட்டும் ஏற்கும் பதினெட்டரை அங்குல மானிட்டர். ஜிடிஏ 5, வலோரன்ட் ஆட வேண்டும். அக்காவின் சமையல் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கவும் வேண்டும். கையில் பத்தாயிரம் ரூபாய். கடைக்காரர் புது ஜிடி 1030, அதுவும் 4 ஜிபி, எடுத்துக்கொள் என்கிறார். நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கார்டை அந்தப் பணத்துக்குள் தருகிறேன் என்கிறார். எதை வாங்கலாம்?

இரண்டுமே வேண்டாம் என்பேன். முதலாவது உங்கள் பணத்துக்குத் தகுதியில்லாதது, இரண்டாவது உங்கள் பெட்டிக்குத் தாங்காதது. செகண்ட்ஹேண்டில் தனிப் பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ஒன்றைத் தேடுங்கள். அது சிக்கவில்லை என்றால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. மீதிப் பணத்தை எஸ்எம்பிஎஸ்ஸில் போடுங்கள். அவசரக்காரர்களுக்கு இதுவே போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் 450 என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். அது பெரும்பாலும் மாடல் பெயர் மட்டும்தான். கீழே சின்னக் கட்டத்தில் +3.3, +5, +12 என்று மூன்று வோல்ட் அளவுகளும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்பதும் இருக்கும். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே அந்த ஆம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 180 வாட். உங்கள் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ் கொடுக்கக்கூடிய உருப்படியான மின்சாரம் அவ்வளவுதான், அதுவும் ஸ்டிக்கர் உண்மை பேசினால். ஐ5-4460இன் அதிகபட்ச வெப்பக் கணக்கு 84 வாட். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் இன்னொரு 30, 40 வாட் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்க்கலாம்.

ஆர்எக்ஸ் 580 தனியாகவே 185 வாட் கேட்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் கடையில் ஒரு சின்ன கன்வர்ட்டர் வயரை எடுத்து நீட்டுவார்கள்: ‘சார், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற பவரை இதில் மாற்றிக் கார்டுக்குக் கொடுத்துவிடலாம்.’ நான் அந்த வயரை ஒரு தடவை நம்பியிருக்கிறேன். ஆர்எக்ஸ் 570 ஒன்றைக் கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி மாட்டினேன். பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாகவே ஓடியது. ஒரு ராத்திரி விளையாட்டு லோடாகும்போது பட்டென்று அணைந்தது. மூடியைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகிய வாடை. கன்வர்ட்டரின் மஞ்சள் வயர் நுழைகிற இடம் பழுப்பாக உருகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எஸ்எம்பிஎஸ் போனது மட்டுமில்லாமல் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. கார்டு தப்பித்தது, அதிர்ஷ்டம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் கொடுக்கும் சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கென்று மூன்று ஊசிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்பியர் தாங்கும். மொத்தம் 54 வாட். கார்டின் ஆறு ஊசி சாக்கெட் 75 வாட் வரையும், எட்டு ஊசி சாக்கெட் 150 வாட் வரையும் இழுக்க உரிமையுள்ளது. ஒற்றை சாட்டா முனையிலிருந்து ஆறு ஊசிக்கு மாற்றும் வயரே ஒரு பொய் வாக்குறுதி என்பது இதிலேயே தெரியும்.

சரி, வயரே இல்லாமல் கார்டு எப்படி ஓடும்? மதர்போர்டில் இருக்கும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்குகிற கார்டுகள் என்று ஒரு தனி வம்சமே உண்டு. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட், 2016இல் வந்த 1050 டிஐ 75 வாட், 2019இல் வந்த 1650 அதே 75 வாட், 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 53 வாட், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வடிவம் 70 வாட். பழைய பெட்டிக்குக் கார்டு தேடுகிறவர் இந்த வரிசையைத் தாண்டிப் போகத் தேவையே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: 1050 டிஐ, 1650 இரண்டிலும் சில கம்பெனிகள் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி, ஆறு ஊசி சாக்கெட் வைத்தும் விற்றிருக்கின்றன. பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த சாக்கெட் கண்ணில் படும். அதில் வயர் செருகாவிட்டால் கார்டு வேலை செய்யாது. வாங்கும் முன் கார்டின் மேல் விளிம்பை விரலால் ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

இப்போது கடைக்காரரின் ஜிடி 1030. 4 ஜிபி என்றதும் மனம் குளிர்கிறது, புரிகிறது. ஆனால் இந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017இல் முதலில் வந்ததில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி தகவல் போய்வரும். அடுத்த ஆண்டு அதே பெயரில் சாதா டிடிஆர்4 மெமரியோடு ஒன்றை இறக்கினார்கள். அதில் நொடிக்கு 16.8 ஜிபிதான். மூன்றில் ஒரு பங்கு. 4 ஜிபி என்று விற்கப்படுவது இந்த இரண்டாவது ரகம். மொட்டை மாடியில் இரண்டாயிரம் லிட்டர் டேங்க் வைத்துவிட்டுக் கீழே அரை அங்குலக் குழாய் போட்ட வீட்டில் குளித்துப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான். ஒப்பிட்டுப் பார்க்க, 1050 டிஐயில் இந்த எண் 112, 1650இல் 128. ஜிடிடிஆர்6 மெமரியோடு பிறகு வந்த 1650இல் 192. இன்னொன்று, ஜிடி 1030இல் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது சுருக்கிக் கோப்பாக எழுதும், சர்க்யூட்டே கிடையாது. ஜிடிஎக்ஸ் கார்டுகளில் இருக்கும் என்வென்க் வசதி இதில் விடுபட்டிருக்கிறது. அக்காவின் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும் வேலை முழுவதும் மறுபடி பிராசஸர் தலையில்தான் விழும்.

கடை அலமாரியில் ஜிடி 710, ஜிடி 730 என்று இன்னும் புது டப்பாவில் வைத்திருப்பார்கள். கிட்டவே போகாதீர்கள். ஐ5-4460க்கு உள்ளேயே எச்டி 4600 என்ற கிராபிக்ஸ் இருக்கிறது. ஜிடி 710ஐ அதன் பக்கத்தில் வைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது எதை என்று தேட வேண்டியிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கெப்ளர் என்ற பழைய தலைமுறை; அதற்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை, இந்தச் சிப்புகளைச் செய்யும் என்விடியா 2021லேயே நிறுத்திவிட்டது. பெயரில் எண் பெரிதாக இருப்பதும் ஒன்றும் சொல்லாது. 2022இல் ஜிடிஎக்ஸ் 1630 என்று ஒன்று வந்தது. ஆறு வருடம் மூத்த 1050 டிஐயைத் தாண்டவே அது தடுமாறுகிறது.

டிரைவர் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 1050 டிஐக்கும் 1650க்கும் நடுவில் நான் கோடு கிழிப்பது இங்கேதான். மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு, அதாவது 750 டிஐ, ஜிடி 1030, 1050 டிஐ எல்லாவற்றுக்கும், புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. நாளைக்கே கார்டு செத்துவிடாது. நீங்கள் கேட்ட இரண்டு விளையாட்டுகளும் பழைய டிரைவரிலேயே ஓடும். ஆனால் கைக்காசு போட்டு இன்று வாங்குகிற ஒரு பொருளுக்கு, விலையில் ஆயிரம் இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால், டூரிங் தலைமுறையைச் சேர்ந்த 1650 புத்திசாலித்தனம். 1650 கிடைக்கவில்லை, 1050 டிஐ நல்ல நிலையில் மலிவாக வருகிறது என்றால் தயங்காமல் அதை எடுங்கள்.

‘பழையது எதற்கு, புதிதாக வந்த ஆர்எக்ஸ் 6400 எடுக்கலாமே?’ என்று யாராவது சொல்வார்கள். வேறு கணினியாக இருந்தால் நானும் யோசிப்பேன். இந்தக் கணினியில் அது மாட்டிக்கொள்கிற இடம் மதர்போர்டு. எச்81 சிப்செட்டுக்கு ஒரு குறை உண்டு. பிராசஸருக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறை தெரிந்திருந்தாலும், எச்81 போர்டு இரண்டாம் தலைமுறை வேகத்தைத்தான் கார்டுக்குக் கொடுக்கும். ஆர்எக்ஸ் 6400 பார்ப்பதற்கு முழு நீளக் கார்டு போல இருந்தாலும் அதில் தகவல் போய்வர உண்மையாக வேலை செய்வது நான்கு பாதைகள்தான். பிசிஐ எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறைப் போர்டில் அந்த நான்கு பாதையிலேயே நொடிக்கு கிட்டத்தட்ட 8 ஜிபி போகும். உங்கள் போர்டில் 2 ஜிபி. 1650க்குப் பதினாறு பாதைகள் இருப்பதால் உங்கள் பழைய போர்டிலேயே அதற்கு 8 ஜிபி கிடைத்துவிடும். கார்டில் 4 ஜிபி மெமரி நிரம்பி, அது கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்க ஆரம்பிக்கும்போதுதான் இந்த வித்தியாசம் உறைக்கும். படம் திக்கித் திக்கி வரும். தவிர, 6400இலும் வீடியோ என்கோட் வசதி கிடையாது. இன்டெல்லின் ஆர்க் ஏ380 வீடியோ வேலைக்கு அருமையான கார்டு, ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத கணினியில் அதன் வேகம் படுத்துவிடும். உங்கள் எச்81 காலத்துப் போர்டுகளில் அது இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி எல்லாவற்றையும் விட நல்லது, ஆனால் புதிதாகப் பத்தாயிரத்துக்குள் வராது. தவிர, இந்த ஐ5ஓடு அதைக் கட்டிப்போடுவதும் வீண்.

ஏன் வீண் என்பதற்கு மானிட்டரைப் பாருங்கள். பதினெட்டரை அங்குலம், அநேகமாக 1366க்கு 768. முழு எச்டியோடு ஒப்பிட்டால் பாதிப் புள்ளிகள்தான். இந்த அளவில் கார்டுக்கு வேலை குறைவு. நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைத் தீர்மானிப்பது பிராசஸர்தான். ஐ5-4460க்கு நான்கு கோர், நான்கு திரெட், அதற்கு மேல் இல்லை. வலோரன்ட் ஏற்கெனவே பிராசஸரை நம்பியே ஓடும் விளையாட்டு. ஜிடிஏ 5இன் 2015 வடிவத்துக்கு ராக்ஸ்டார் பரிந்துரைத்ததே ஐ5-3470உம் ஜிடிஎக்ஸ் 660உம்தான். உங்கள் பிராசஸர் அதைவிட ஒரு தலைமுறை புதிது, 1050 டிஐயே அந்தக் கார்டை முந்திவிடும். ஆகவே ஆர்எக்ஸ் 580 போட்டாலும் 1650 போட்டாலும் உங்கள் மானிட்டரில் தெரியும் வித்தியாசம் சொற்பம். நண்பரின் கார்டு மட்டமானது என்று நான் சொல்லவில்லை. நல்ல 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் முழு எச்டி மானிட்டரும் வைத்திருப்பவருக்கு 1650ஐ விட அது வேகமான கார்டு. உங்களுக்கு அது மாட்டு வண்டியில் லாரி இன்ஜின்.

அந்த மானிட்டரில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 1050 டிஐயிலும் 1650இலும் விஜிஏ சாக்கெட் கிடையாது. எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், டிவிஐ இவைதான் இருக்கும். ‘வீட்டில் டிவிஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற சின்ன வெள்ளை அடாப்டர் கிடக்கிறதே’ என்றால், டிவிஐ சாக்கெட்டை உற்றுப் பாருங்கள். ஒரு ஓரத்தில் தட்டையான ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு ஓட்டைகள் இருந்தால் அதில் அனலாக் சிக்னலும் வரும், அந்த அடாப்டர் வேலை செய்யும். கீறல் மட்டும் தனியாக இருந்தால் டிஜிட்டல் மட்டும்தான். இந்தக் கார்டுகளில் இருப்பது இரண்டாவது வகை. ஆகவே எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது, கார்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். பின்னாளில் மானிட்டரை மாற்றினால் அது தேவைப்படாது.

இந்த விஜிஏ விஷயத்திலிருந்து ஒரு உபரி லாபமும் உண்டு. யாராவது ‘1050 டிஐ, பின்னால் விஜிஏ போர்ட்டும் இருக்கு’ என்று படம் அனுப்பினால் உஷாராகிவிடுங்கள். ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கிழட்டுக் கார்டுகளின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று விற்கும் கூட்டம் உலகம் முழுக்க உண்டு. விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படிப்பட்ட கார்டுகளின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று அதுவே போட்டுவிடும். பென்டிரைவில் அதையும், கார்டை வாட்டி எடுக்கும் ஃபர்மார்க் மென்பொருளையும் போட்டு எடுத்துக்கொண்டுதான் பழைய கார்டு பார்க்கப் போக வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, தெரிந்தவரிடம் வாங்கினாலும் சரி, ஓடுகிற கணினியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் நடையைக் கட்டுங்கள். ஃபர்மார்க்கை ஒரு பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள். வெப்பம் ஏறி ஓர் இடத்தில் நிலைக்க வேண்டும்; திரையில் கலர் புள்ளியோ கோடோ வரக் கூடாது; ஃபேன் சத்தத்தில் கரகரப்பு இருக்கக் கூடாது. அணைத்த பிறகு ஃபேனை விரலால் லேசாக ஆட்டுங்கள், தொளதொளவென்று இருந்தால் ஃபேன் மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். தங்க நிற முனைகளில் கருகல், போர்டின் பின்பக்கம் எண்ணெய் கசிந்த மாதிரிப் பிசுபிசுப்பு, திருகித் தேய்ந்த ஸ்குரூ, இவை மூன்றும் கார்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ராத்திரி பகலாக ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங்கையே 2022 செப்டம்பரில் கைவிட்ட பிறகு சந்தைக்கு வந்த கார்டுகள் ஏராளம். ஆர்எக்ஸ் 570, 580 அதில் முன்வரிசை. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை ஒதுக்க மாட்டேன், ஆனால் அந்த விலைக்குத்தான் வாங்குவேன். அதோடு ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, சீனச் சந்தைக்காக வந்தது. பெயரில் 580, உள்ளே இருப்பது 570. நண்பரின் கார்டு அதுவா என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அப்புறம் இடம். 1650 கார்டுகளில் பெரும்பாலானவை இரண்டு ஸ்லாட் தடிமன். உங்கள் போர்டு சின்ன அளவு. நீள ஸ்லாட்டுக்கு அடுத்து இருக்கும் குட்டி ஸ்லாட்டில் வைஃபை கார்டு மாட்டியிருந்தால் அது மறைந்துவிடும். யுஎஸ்பி வைஃபைக்கு மாற வேண்டியிருக்கும். நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்: பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை. சாட்டா வயர் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் கார்டு வந்து இடித்தால், ‘எல்’ வளைவு முனை உள்ள வயர் போட்டால் சரியாகிவிடும்.

இதே கேள்வியை அலுவலகத்தில் கழித்த டெல், எச்பி, லெனோவா பெட்டி வைத்திருப்பவர்களும் கேட்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம். டவர் வடிவம் என்றால் மேலே சொன்னதே, ஒரு வித்தியாசத்தோடு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 டவரில் எஸ்எம்பிஎஸ்ஸை வழக்கமான 24 ஊசி ஒன்றால் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த தலைமுறை 9020, 3020 ஆகியவற்றில் டெல் தன் சொந்த எட்டு ஊசி முனைக்குப் போய்விட்டது. தனி கன்வர்ட்டர் வயர் இல்லாமல் வெளி எஸ்எம்பிஎஸ் சேராது. அதனால் அவற்றில் 75 வாட் வரம்பைத் தாண்ட நினைக்காமல் இருப்பதே நிம்மதி. சின்னப் பெட்டி என்றால் பாதி உயரக் கார்டும், அதற்கான குட்டைத் தகடும் வேண்டும். 1650, ஆர்எக்ஸ் 6400, 3050 6 ஜிபி மூன்றிலும் குட்டை வடிவங்கள் உண்டு, ஆனால் செகண்ட்ஹேண்டில் விற்கிறவர் அந்தக் குட்டைத் தகட்டைத் தொலைத்திருப்பார், கேட்டு வாங்குங்கள். தொழில்முறைக் கார்டான என்விடியா டி1000 50 வாட்டில் 1650க்கு நிகரான கோர் எண்ணிக்கையோடு ஒற்றைத் தடிமனில் வருகிறது. மினி டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான் இருக்கும் என்பதால் கன்வர்ட்டர் செலவையும் சேர்த்துப் பாருங்கள். சில சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு 75 வாட்டுக்கும் குறைவாகவே தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பார். மாடல் எண்ணோடு அதன் கையேட்டைத் தேடிப் படித்துவிட்டு இறங்குங்கள்.

மறுபடி உங்கள் கணினிக்கு வருவோம். கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டிய இரண்டு காரியங்களுக்குக் காசு அதிகம் ஆகாது. 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியா, இரண்டு 4 ஜிபியா என்று பாருங்கள். ஒற்றை என்றால் மற்றொரு டிடிஆர்3 குச்சியைப் பக்கத்தில் போடுங்கள்; எச்81இல் இரண்டே ஸ்லாட்தான் இருக்கும், இரண்டும் நிரம்பினால் பிராசஸர் கொஞ்சம் மூச்சு விடும். விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் சின்ன எஸ்எஸ்டி ஒன்று எந்தக் கிராபிக்ஸ் கார்டையும் விட உங்களைச் சந்தோஷப்படுத்தும். யூடியூப் திக்குவது மட்டும்தான் சிலருக்குப் பிரச்சினை. அவர்களுக்குக் கார்டே வேண்டாம். யூடியூப் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது, எச்டி 4600க்கு அது பழக்கமில்லை. எச்264இஃபை என்ற இலவச பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பழைய வடிவத்தையே அனுப்பச் சொல்லும். 1080பி வரைதான் கிடைக்கும், உங்கள் மானிட்டருக்கு அதுவே அதிகம்.

அக்காவின் வீடியோக்கள் போனில் எடுத்தவை என்றால் அவை எச்இவிசி என்ற, அதிகம் சுருக்கிய வடிவில் இருக்க வாய்ப்பு உண்டு. எடிட்டிங் திக்கித் திணறுவதற்கு அது ஒரு காரணம். 1650, 1050 டிஐ இரண்டுமே எச்இவிசியைத் தாமாகவே பிரித்துக்காட்டும். கார்டு வரும்வரை போனின் கேமரா செட்டிங்ஸில் எச்.264க்கு மாற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

வலோரன்ட் ஆட வேண்டுமென்றால் விண்டோஸ் விஷயத்தில் ஒரு கண் வையுங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பது உண்மை. அதற்காகக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிவிட்டால், அங்கே வலோரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். உங்களுடையதைப் போன்ற இன்டெல் நான்காம் தலைமுறைக் கணினியில் டிபிஎம் 2.0 இருப்பது அபூர்வம். கார்டுக்குச் செலவு செய்துவிட்டு விளையாட்டு திறக்கவில்லை என்று உட்கார வேண்டாம்.

செலவைப் பிரிப்பதில் என் யோசனை: பத்தாயிரத்தில் பெரும்பகுதி பழைய 1650க்கு, மிச்சத்தில் கன்வர்ட்டர், அதற்கும் மேல் எஸ்எம்பிஎஸ். பணம் இரண்டுக்கும் எட்டவில்லை என்றால் 1050 டிஐக்கு இறங்கி, உத்தரவாதத்தோடு வரும் 450 வாட் பிராண்டட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்குங்கள். ஸ்டிக்கர் கணக்கில் 15 ஆம்பியர் வருகிற எஸ்எம்பிஎஸ்ஸில் 75 வாட் கார்டு, பிராசஸரும் அதுவும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாதவரை ஓடிவிடும்தான், ஆனால் விளிம்பில் ஓடும். பத்து வருடம் தூசி தின்ற கெப்பாசிட்டர்களை அந்த விளிம்பில் நான் நிறுத்த மாட்டேன்.

மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிற வீடு என்றால் எர்த் இல்லை என்று அர்த்தம், அதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஸ்லாட்டின் தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, கார்டின் முனைகளைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு, ஸ்லாட்டின் கொக்கி டிக்கென்று மாட்டும்வரை நேராக அழுத்துங்கள். ஸ்குரூவைப் போடாமல் விடாதீர்கள், கார்டின் எடை ஸ்லாட்டை வளைக்கும். திரையில் எதுவும் வரவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்தவர்களில் பாதிப் பேர் மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே விட்டிருந்தார்கள். வயர் கார்டில் இருக்க வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால் மறுபடி வயரைப் போர்டில் செருகி, மதர்போர்டின் பயாஸ் செட்டிங்ஸில் முதல் டிஸ்ப்ளேயைப் பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு மாற்றுங்கள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் புது பயாஸ் இருந்தால் அதையும் ஏற்றிவிடலாம்.

யுபிஎஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருப்பது 600 விஏ ரகம் என்றால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட், மானிட்டரும் மோடமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். 1650 போட்டால் அது கணக்குக்குள் அடங்கும். ஆனால் பேட்டரி பழையதாக இருந்தால், கரண்ட் போன நொடியில் விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது மொத்தமும் அணைந்துவிடும். ஒரு நாள் எதையும் சேமிக்க வேண்டியில்லாத நேரமாகப் பார்த்து, விளையாட்டை ஓடவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.